ராத்திரியில் ஃப்ரீசர் பக்கம் 'டப்', அப்புறம் 'உஸ்ஸ்'

அது ஃப்ரிட்ஜ் கேஸ் லீக் இல்லை, பயப்பட வேண்டாம். கம்ப்ரசர் நின்ற கொஞ்ச நேரத்தில் ஃப்ரீசர் பக்கம் "டப்", அப்புறம் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி "உஸ்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள், கூலிங்கும் குறையவில்லை என்கிறீர்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் தன் பனியைத் தானே உருக்கும் சத்தம் அது.

ஃப்ரீசரின் பின்சுவருக்குள் உள்ள குளிரூட்டும் காயிலில் பனி படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் 20-30 நிமிடம் சூடாகும், உருகிய சொட்டு அதன்மேல் விழும்போதுதான் உஸ்ஸ். சூட்டில் பிளாஸ்டிக் விரிவதுதான் டப். பகலிலும் இது நடக்கும், வீட்டுச் சத்தத்தில் காதில் விழாது, அவ்வளவுதான். கேஸ் கசிந்தால் பெரும்பாலும் சத்தமே கேட்காது, கூலிங் குறைவதில்தான் தெரியும்.

1. சத்தம் வந்ததும் மணி பாருங்கள். அரை மணி, முக்கால் மணிக்குள் கம்ப்ரசர் மறுபடி ஓடினால் சரி.

2. காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உருகிய தண்ணீர் அங்கேதான் வந்து சேரும்.

ஆனால் ஒன்று. "டிக்", சில நொடி உறுமல், திரும்ப "டிக்" என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்து உள்ளே சில்லென்றும் இல்லாவிட்டால் கதை வேறு. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆக முடியாமல் திணறுகிறது, அதை ஸ்டார்ட் செய்யும் ரிலே போயிருக்கலாம் அல்லது வோல்டேஜ் குறைவு. உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.