அணு இணைவு உலைக்குள் பராமரிப்பு செய்ய ஓரிகாமி (ஜப்பானியக் காகித மடிப்புக் கலை) மாதிரி மடங்கும் இயந்திரக் கை சரிப்படுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: இறுதியாண்டு புராஜெக்டுக்கு இப்படி ஒரு மடக்குக் கை செய்தால் எடுபடுமா என்று. காரைக்குடியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன் நான். தாராளமாகச் செய்யலாம் தம்பி, ஆனால் காகித மடிப்பைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்.

ஆள் ஏன் உள்ளே போக முடியாது? ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது கிளம்பும் நியூட்ரான் சுமார் 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சுவரில் மோதுகிறது. அந்த எஃகே கதிரியக்கப் பொருளாகிவிடும். உலையை அணைத்தாலும் காமா கதிர் ஓயாது. இங்கிலாந்தில் இருந்த ஜெட் (JET) என்ற சோதனை இணைவு உலையில் 1997இல் டிரிட்டியம் வைத்துச் சோதித்தார்கள். மறு ஆண்டு வெப்பத்தையும் கழிவையும் வெளியேற்றும் அடிப்பக்க டைவெர்ட்டர் பாகங்களை மாற்றும் வேலை முழுக்கத் தொலைவிலிருந்தே நடந்தது.

வாசல் குறுகல், உள்ளே வளையமான அறை. மடங்கித்தான் நுழைய முடியும். நுழைவது பெரிய பாடில்லை, விரிந்த பிறகு விறைப்பாக நிற்பதுதான் பாடு. நம் வளவு வீடுகளுக்கு வெள்ளையடிக்க வரும் மடக்கு ஏணியைப் பாருங்கள். நிலைக்கதவில் சமர்த்தாக நுழைந்துவிடும், ஏறினால்தான் கீல் ஆட்டம் தெரியும். 8 மீட்டர் கையின் அடிமூட்டில் 0.1 டிகிரி ஆட்டம் இருந்தால் நுனி 14 மில்லிமீட்டர் விலகும். அடுத்தடுத்த மூட்டுகள் தங்கள் பங்கைச் சேர்க்கும். ஒரு முனை மட்டும் பிடிமானமுள்ள கையை அதே குறுக்குவெட்டோடு இரண்டு மடங்கு நீட்டினால், அதே சுமைக்கு நுனி எட்டு மடங்கு தாழும். சொந்த எடையால் வரும் தாழ்வு பதினாறு மடங்கு.

பிரான்சில் கட்டப்படும் ஐடெர் உலைக்கான திட்டம் எனக்குப் பிடித்தது இதனால்தான். அங்கே சுவரை மூடும் பாளங்கள் 440. சில நாலரை டன்னைத் தாண்டும். இதை நீண்ட கையால் தூக்கப் பார்க்கவில்லை. மூட்டு மூட்டாக ஒரு தண்டவாளத்தை உள்ளே விட்டு, வளைவாக விரித்து, பக்க வாசல்களில் தாங்கல் கொடுக்கிறார்கள். அதன்மேல் வண்டி ஓடி வேலை செய்யும். மடிப்பு நுழைவதற்கு, பாரம் தாங்கலுக்கு.

அப்புறம் பொருள். ரப்பர், பிளாஸ்டிக், சாதாரண கிரீஸ் எல்லாம் காமா கதிரில் கெட்டுப்போகும். பாலிமர் தாளில் மடித்த அழகான மாதிரி மேசைக்குத்தான். மெல்லிய எஃகுத் தகட்டில் வளையும் கீல் செய்து, கேமரா மாதிரி லேசான சுமைக்கு வைத்தால் ஓரிகாமிக்கு இடமுண்டு என்பது என் கணிப்பு.

உங்கள் புராஜெக்டில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கை முழுதாக விரிந்திருக்கும்போது மோட்டார் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து கம்பி இழுத்தே அதை மடக்கி எடுக்க முடிகிறதா என்று செய்து காட்டுங்கள். நான் தேர்வாளராக வந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.