டெபாசிட் திரும்பி வராவிட்டால் ஏஜி ஆஃபீஸ் உதவுமா?

தம்பி, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கம் அபார்ட்மெண்டைக் காலி செய்து ரெண்டு மாதமாகியும் டெபாசிட் வரவில்லை, கூட வேலை செய்கிறவர் "அட்டர்னி ஜெனரலுக்கு கம்ப்ளெயின்ட் போடு" என்கிறார் (ஏஜி என்பது இவர்தான், மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி), அவ்வளவு பெரிய ஆள் நம் டெபாசிட்டுக்கெல்லாம் வருவாரா, விசாவுக்குச் சிக்கல் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசாவுக்கு ஒன்றும் ஆகாது. டெக்சஸ் நுகர்வோர் சட்டம், காசு கொடுத்து வாங்கினீர்களா, வாடகைக்கு எடுத்தீர்களா என்றுதான் பார்க்கிறது. எந்த ஊர் பாஸ்போர்ட் என்று பார்ப்பதில்லை.

நம்மூர் அட்வகேட் ஜெனரலை மனதில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். அவர் அரசு நியமித்த வக்கீல், அரசுக்காக ஹைகோர்ட்டில் நிற்பவர். இங்கே 43 மாநிலங்களில் ஏஜியை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். டெக்சஸில் நாலு வருடத்துக்கு ஒரு தடவை. கவர்னர் வைத்த ஆள் இல்லை என்பதால் கவர்னரின் முகம் பார்க்காமல் கேஸ் போடலாம். (நியூ ஜெர்சியில் கவர்னர் நியமனம்தான். அங்கே இருக்கிற நண்பர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.) ஏமாற்று வியாபாரத்துக்கு எதிராக 1973-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி மாநிலத்தின் பெயரில் வழக்குப் போட்டு, ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை அபராதம் கேட்க அவரால் முடியும்.

2021 பிப்ரவரி பனிப்புயலில் இது எப்படி நடக்கிறது என்று எல்லாரும் பார்த்தோம். கிரிடி என்ற மின்சார கம்பெனி மொத்தச் சந்தை விலையை அப்படியே வாடிக்கையாளர் தலையில் கட்டியது. யூனிட் 9 டாலர் வரை போய், சிலருக்குப் பில் ஆயிரக்கணக்கில் வந்தது. புகார்கள் குவிந்தன. மார்ச் முதல் தேதியே ஏஜி ஆஃபீஸ் அந்த 1973 சட்டத்தின்கீழ் கேஸ் போட்டது. கடைசியில் கட்டாமல் நின்ற பில்களை அந்தக் கம்பெனி விட்டுக்கொடுத்தது. நம் ஒருவர் புகார் அங்கே சும்மா கிடப்பதுபோல் தெரியும். அதே கம்பெனி மேல் நூறு புகார் சேரும்போதுதான் அதற்குப் பலம்.

ஆனால் ஓட்டுக்கு நிற்கிறவருக்குத் தலைப்புச் செய்தி ஆகிற கேஸ்மேல் கண் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போட்டோக்களிலிருந்து முக அடையாளத்தை அனுமதி இல்லாமல் எடுத்ததாக டெக்சஸ் ஏஜி போட்ட கேஸில், 2024-இல் ஃபேஸ்புக்கின் தாய் கம்பெனி மெட்டா 140 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பணம் மாநிலத்துக்குத்தான் போனது, ஃபேஸ்புக்கில் போட்டோ போட்ட நமக்கு இல்லை. உங்கள் டெபாசிட்டுக்காக ஏஜி கோர்ட்டுக்கு வரமாட்டார். அவர் உங்கள் வக்கீல் இல்லை.

அதனால் கம்ப்ளெயின்ட் போடுங்கள், பணத்துக்கு வேறு வழியும் பாருங்கள். புது அட்ரஸை எழுத்தில் கொடுத்தீர்களா? இங்கே நிறையப் பேர் சாவியை லீசிங் ஆஃபீஸ் டப்பாவில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அட்ரஸ் எழுத்தில் போகாதவரை, பணத்தையோ பிடித்தம் பற்றிய கணக்கையோ அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் ஓனருக்கு இல்லை. கொடுத்துவிட்டால், காலி செய்ததிலிருந்து 30 நாள் கெடு. கார்ப்பெட் நடந்து நடந்து மங்கியதற்கெல்லாம் பிடிக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு வைத்துக்கொண்டால், தவறாகப் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு, மேலே 100 டாலர், நியாயமான வக்கீல் செலவு எல்லாம் ஓனர் தர வேண்டும். 20,000 டாலர் வரைக்கும், சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே கேஸ் போடலாம்.

அப்புறம், ஏஜிக்குப் போகிற புகார் பொது ஆவணம் ஆகிவிடலாம், யார் கேட்டாலும் வெளியே வரும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க் அக்கவுண்ட் எதுவும் எழுத வேண்டாம். லீஸ் காப்பி, காலி செய்த அன்றைக்கு எடுத்த போட்டோ, அவர்கள் அனுப்பிய மெயில் இருந்தால் போதும். அட்ரஸ் லெட்டர் போகவில்லை என்றால் இன்றைக்கே சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.