முச்சந்தித் தேவிக்கு ஒரு படையல்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: முச்சந்திகளுக்கு உரிய கிரேக்கத் தேவி ஹெகட்டேயை இணையக் குழுக்கள் மறுபடி வழிபடத் தொடங்கியிருக்கின்றன. மாதந்தோறும் அவர்கள் வைக்கும் ‘டெய்ப்னான்’ படையலின் தேதி குழுவுக்குக் குழு மாறுகிறதே, ஏன்?

பதில்: பெரும்பாலோர் நாட்காட்டியில் அமாவாசை என்று போட்டிருக்கும் நாளையே எடுத்துக்கொள்கிறார்கள். பழைய ஏதென்ஸில் மாதம் பிறந்தது அமாவாசையில் அல்ல, மேற்கே முதல் பிறை கண்ணுக்குத் தெரியும் மாலையில். நாம் மூன்றாம் பிறை என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அதற்கு முந்தைய நாள், அதாவது மாதத்தின் கடைசி நாள், ஹெகட்டேக்கு உரியது. இன்னொன்று, அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது.

ஓர் உதாரணம். திங்கள் இரவு 10 மணிக்கு அமாவாசை என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் மாலை நிலவின் வயது சுமார் 20 மணி நேரம்தான், தென்படுவது அரிது. புதன் மாலை பிறை தெரியும், அப்போதே புது மாதம் பிறந்துவிடும். ஆகவே படையல் செவ்வாய் இரவு. புதன் இரவு வைத்தால் அடுத்த மாதத்தின் முதல் நாளில் வைத்ததாகிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: படையலில் என்னென்ன வைக்க வேண்டும்? தெருவில் வைப்பது சரியா?

பதில்: ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, பூண்டு, சிறு அப்பம். அளவுக்குப் பழைய விதி என்று எதுவும் இல்லை. சின்ன ரொட்டி ஒன்று, வேகவைத்த முட்டை ஒன்று, பூண்டு மூன்று பல் போதும். முதலில் வீட்டைப் பெருக்கி, கெட்டுப்போனதை வெளியேற்றிவிட்டு, இருட்டியபின் வாசலிலோ மூன்று தெரு கூடும் இடத்திலோ வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். படைத்ததை வைத்தவரே சாப்பிடக் கூடாது. நம் ஊர்ப் பிரசாத வழக்கம் இதற்குப் பொருந்தாது.

இன்றைய தெருவில் தொல்லை பூண்டால்தான். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாயோ ஹெகட்டேக்கு உரிய விலங்கு! முச்சந்தியில் வைப்பதானால் பூண்டை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், எரியும் மெழுகுவத்தியை விட்டுவிட்டு வரவும் வேண்டாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கி.மு. 388இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் ‘புளூட்டஸ்’ நாடகத்தில், பணக்காரர்கள் மாதாமாதம் ஹெகட்டேக்கு அனுப்பும் உணவை, அது வைக்கப்படும் முன்பே ஏழைகள் பறித்துக்கொள்வதாக ஒரு பேச்சு வருகிறது. அதை மனத்தில் கொண்டு, அன்றைய படையலுக்கு ஈடான உணவைப் பசித்தவர்களுக்குக் கொடுக்கும் குழுக்கள் இருக்கின்றன. மரபுக்கும் இது அந்நியமில்லை, தெருவுக்கும் கேடில்லை. என் ஓட்டு இதற்கே.

கேள்வி: ஹெகட்டேயின் மூன்று முகங்கள் கன்னி, தாய், கிழவி என்கிறார்களே?

பதில்: அது 20ஆம் நூற்றாண்டுக் கருத்து. 1948இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதியதிலிருந்து பரவியது. ஹெகட்டேயை மூவுருவாக முதலில் வடித்தவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிற்பி அல்கமெனீஸ் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் குறிக்கிறார்; அந்தச் சிலை ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில், வெற்றித் தேவி நைக்கியின் கோயில் அருகே நின்றது. எஞ்சியிருக்கும் பழைய மூவுருச் சிலைகளில் மூவருமே பொதுவாக இளம்பெண்கள். மூன்று பக்கமும் பார்ப்பது முச்சந்தியைக் காக்க. வயதைக் காட்ட அல்ல.

கேள்வி: ஆகஸ்ட் 13 ஹெகட்டே திருநாளா?

பதில்: இல்லை. அது இத்தாலியில் நேமி ஏரிக்கரையில் இருந்த ரோமானியத் தேவி டயானாவின் நாள். மே மாதப் பௌர்ணமியில் பலர் ஹெகட்டேக்குச் செய்யும் தீ வழிபாடும் 2010இல் தொடங்கியதே. புதியது என்று சொல்லிச் செய்தால் குறையில்லை, பழையது என்று சொல்வதுதான் தவறு.

கேள்வி: பீடத்தில் சாவி எதற்கு? வசநாவிச் செடி வைக்கலாமா?

பதில்: சாவிக்கு ஆதாரம் உண்டு. இன்றைய துருக்கியில் உள்ள லகினாவின் ஹெகட்டே கோயிலில் சாவியை ஏந்திச் செல்லும் ஊர்வலம் நடந்தது. வசநாவி அவள் செடியென்று கதை உண்டு, ஆனால் வேர் முதல் பூ வரை கொடிய விஷம், தோல் வழியாகவும் ஏறும். தூபத்தில் போடவே கூடாது. படம் வரைந்து வையுங்கள்.