நடுச்சந்தியில் கை ஓடாமல் நின்றேன்

கேள்வி: கோவையில் ஆறு வருடம் கார் ஓட்டியவள் நான். போன வருடம் கணவர் வேலை பார்க்கும் டொராண்டோவுக்கு வந்தேன், ஸ்கார்பரோவில் வீடு. பழகுநர் உரிமத்துக்கான ஜி1 எழுத்துத் தேர்வில் பாஸாகி, தனியாக ஓட்ட அனுமதி தரும் ஜி2 சாலைத் தேர்வில் தோற்றேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் பக்கத்தில் இருக்க, லாரன்ஸ் அவென்யூவில் இடதுபக்கம் திரும்பும்போது நடுச்சந்தியில் கை கால் ஓடாமல் நின்றுவிட்டேன். பின்னால் ஹாரன், பக்கத்தில் இவர் கத்தல். இரண்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வயது 38. எனக்கு இது இனி வருமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வரும். காந்திபுரம் சிக்னலில் ஆறு வருடம் ஓட்டிய கை உங்களுடையது. சொல்லப்போனால் அந்தப் பழக்கம்தான் இப்போது குறுக்கே நிற்கிறது. நம் ஊரில் சந்தியில் வண்டியின் மூக்கைக் கொஞ்சம் நுழைத்தால் எதிரே வருபவர் வேகத்தைக் குறைப்பார், நாம் திரும்பிவிடுவோம். அங்கே குறைக்க மாட்டார். நேராகப் போகிற அவருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் நுழைவீர்கள் என்று அவர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த இடதுபக்கத் திருப்பத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பயந்தது அங்கேதான். கனடாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், நம் ஊர் வலதுபக்கத் திருப்பம்போல எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியது இதில்தான். பச்சை விழுந்ததும், எதிரே வண்டி வந்தாலும், கோட்டைத் தாண்டிச் சந்திக்குள் போய் நில்லுங்கள். சக்கரம் நேராகவே இருக்கட்டும். முன்கூட்டியே இடதுபக்கம் ஒடித்து வைத்திருந்தால், பின்னால் யாராவது இடித்தால் எதிர் வண்டிகளுக்கு முன்னால் தள்ளப்பட்டுவிடுவீர்கள். இடைவெளி வரும்வரை காத்திருங்கள். வராவிட்டால் மஞ்சள் விழும், எதிரே வருபவர்கள் நிற்பார்கள். அவர்கள் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்து, நீங்கள் திரும்பப்போகும் சாலையை யாரும் நடந்து கடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்புங்கள். அதற்குள் சிவப்பு விழுந்தாலும் தப்பில்லை. முன்பே சந்திக்குள் வந்துவிட்டவர் திரும்பி முடிக்கலாம். ஆக, நடுச்சந்தியில் நீங்கள் நின்றது தவறே அல்ல. பின்னால் ஹாரன் அடித்தவருக்கு அவசரம், அவ்வளவுதான்.

தேர்வில் ஏன் தோற்றீர்கள் என்று எழுதவில்லை. நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் பலர் தோற்பது இரண்டு இடங்களில். ஒன்று, ஸ்டாப் பலகை. வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போனால் அது நின்றதாகாது. சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். நாலு பக்கமும் ஸ்டாப் உள்ள சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. இன்னொன்று, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. கண்ணாடியில் மட்டும் பார்த்தால் பக்கத்தில் ஒட்டி வருகிற சைக்கிள் தெரியாது. தலை திரும்புவதைத் தேர்வாளரும் கவனிப்பார்.

இண்டிகேட்டரும் படுத்தும். இங்கே மாருதி, ஹூண்டாயில் அது வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். பதற்றத்தில் கை பழைய இடத்துக்கே போகும், வைப்பர் ஓடும். நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து தினமும் பத்து நிமிடம் இடக்கையால் போட்டுப் பழகுங்கள். சிரிக்க வேண்டாம், இது வேலை செய்கிறது.

பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரு பக்கமும் நிற்க வேண்டும். மறந்தால் அபராதம் 400 டாலரில் தொடங்கும், உரிமக் கணக்கில் ஆறு டிமெரிட் (குற்றப்) புள்ளிகளும் விழும். நகர மையத்துக்குப் போனால், ஸ்ட்ரீட்காரிலிருந்து (சாலைத் தண்டவாளத்தில் ஓடும் டிராம்) ஆட்கள் சாலையில் இறங்கும்போது அதன் கடைசிக் கதவுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நின்றுவிடுங்கள்.

இனி உங்கள் கணவர். அவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் அவர் பக்கத்தில் பிரேக் இல்லை. பயம் வந்தால் அவருக்குக் கத்தத்தான் முடியும், அந்தக் கத்தல் உங்கள் கையை இன்னும் கட்டிவிடுகிறது. இருபக்கமும் பிரேக் உள்ள காருடன் உரிமம் பெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் நாலைந்து பாடம் எடுங்கள். ஸ்கார்பரோவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. ஜி1 வைத்திருப்பவர் கணவரோடு 401 நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது, பயிற்சியாளரோடு ஏறலாம். பின்னால் முழு உரிமத்துக்கான ஜி தேர்வுக்கு அந்தப் பழக்கம் தேவைப்படும். இதைக் கணவரிடம் கோபமில்லாத ஒரு மாலையில் சொல்லுங்கள். "உங்களை நம்பாமல் இல்லை, எனக்கு அமைதி வேண்டும்" என்றால் புரிந்துகொள்வார்.

முதல் பாடத்தை ஞாயிறு காலை ஏழு மணிக்கு வையுங்கள், அதே லாரன்ஸ் சந்தியில். எதிரே வண்டி குறைவாக இருக்கும். ஐந்து முறை இடதுபக்கம் திரும்பிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்கு அது போதும்.

குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். பனிக்கால டயரை முன்னதாகவே மாட்டிவிடுங்கள். உங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் அதற்குக் காப்பீட்டிலும் தள்ளுபடி உண்டு. தேர்வுக்கு மறுபடி பதிவு செய்யும்போது, பாடம் எடுத்த அதே காரிலேயே போகலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள்.