சூடானதும் ஆடுற ரம்ப பிளேடு, தப்பு பிளேடுலயா மெஷின்லயா?

கேள்வி: பர்னிச்சர் வேலை பண்றேன். டேபிள் சா மெஷினுக்கு (மேஜை ரம்பம்) விலை கம்மியா ஒரு 12 இன்ச் கார்பைடு பல்லு வச்ச வட்ட பிளேடு வாங்குனேன். முதல் பத்து நிமிஷம் நல்லா அறுக்குது, அப்புறம் தேக்க நீளவாக்குல விட்டா கத்துது, அறுத்த பக்கம் அலை அலையா கோடு விழுது. சாணை பிடிச்சும் சரியாகல. கடைக்காரர் மெஷின் கோளாறுங்கறார்.

பதில்: சூடானப்புறம்தான் ஆடுதுன்னீங்க பாருங்க, அதுதான் விஷயமே அண்ணே. பிளேட சுத்துற ஷாப்ட் வளைஞ்சிருந்தாலோ, பிளேட ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற பிளான்ஜ்ல தூள் ஒட்டியிருந்தாலோ முதல் சுத்துலேர்ந்தே ஆடும். எனக்கு இது தகட்டோட டென்ஷன், அதாவது செய்யும்போதே தகட்டுக்குள்ள ஏத்தி வைக்கிற இழுவிசை, அதுல உள்ள பிரச்சனையா தெரியுது.

அறுக்கும்போது பல்லு இருக்கிற விளிம்புதான் சூடாகி விரியும், நடுப்பகுதி அவ்வளவு சூடாகாததால அது விளிம்ப விரிய விடாது, போக இடமில்லாம எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி ஓரம் நெளியும். அதுக்குத்தான் நல்ல பிளேடு செய்றவங்க தகட்ட ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு, விளிம்புக்கு கொஞ்சம் உள்ள தள்ளி வட்டமா அழுத்துறாங்க, அந்த வளையம் விரிஞ்சு விளிம்ப முன்கூட்டியே இழுத்து வச்சிரும். மரம் அறுக்கிற மில்லுல பெரிய ரம்பத்த சுத்தியலால தட்டித் தட்டி இதே வேலையத்தான் செய்வாங்க, அது பெரிய கைத்தொழில்.

ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. தகட்டுல அதிர்வு அலையா பின்னோக்கி ஓடும், பிளேடு சுத்துற வேகம் அந்த அலையோட வேகத்துக்கு சமமாயிட்டா அலை நம்ம கண் முன்னாடி ஒரே இடத்துல நின்னுரும், அப்ப மரம் பக்கவாட்டுல லேசா தள்ளினாலே பிளேடு நல்லா வளைஞ்சு குடுத்துரும். டென்ஷன் அந்த எல்லைய மேல ஏத்தும், விளிம்பு சூடு கீழ இறக்கும். அதுக்காக அளவுக்கு மீறி டென்ஷன் குடுத்தாலும் தகடு கிண்ணம் மாதிரி குழிஞ்சிரும்.

தகட்டு கனமும் பாருங்க. 2.2 மில்லிமீட்டருக்கு பதிலா 1.8 போட்டா தகடு அதிர்ற அதிர்வெண் கிட்டத்தட்ட 18 சதவீதம் கொறையும், அதோட அந்த எல்லை வேகமும் இறங்கும். விளிம்புல விரிசல் மாதிரி வெட்டு விட்டிருக்கான்னு பாருங்க, சூட்டுல விரியறதுக்கு இடம் குடுக்குறது அதுதான். பல்லு எண்ணிக்கைய மட்டும் பாத்து வாங்காதீங்க, நிறைய பேர் ஏமாறுறது அங்கதான்.

மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. மரத்த அணைச்சு தள்ளுற பென்ஸ் (fence) கட்டை பிளேடுக்கு நேரா இருக்கான்னு அளந்துட்டு, பிசின் ஒட்டியிருந்தா கழுவிட்டு, நம்பிக்கையான இன்னொரு பிளேட மாட்டி அதே தேக்க அரை மணி நேரம் அறுங்க. அதுல கோடு விழலன்னா மெஷின் மேல தப்பில்ல, ரெண்டு துண்டையும் பில்லையும் எடுத்துட்டு கடைக்கு போங்க.