மல்முராவின் கல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் வைகிங்குகள் குடியேறியபோது கெல்ட்டியர் அழிந்தார்களா, கலந்தார்களா? வென்றது யார்? டின்வால்ட்தான் உலகின் மிகப் பழைய நாடாளுமன்றமா? அங்குள்ள சிலுவைக்கற்களின் படங்களைப் பார்த்தேன், எழுத்தே தெரியவில்லையே?

ர.

அன்புள்ள ர.,

டின்வால்டை விடுங்கள். 1979-ல் ஆயிரமாண்டு விழா எடுத்தார்கள். 979-க்கு ஆவணம் கிடையாது. அந்த வழக்கை, தங்கள் நாடாளுமன்றமே பழையது என்னும் ஐஸ்லாந்துக்காரர்களோடு அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

வென்றது யார் என்கிறீர்களே, இது என்ன கிரிக்கெட்டா? வன்முறை இருந்தது. தீவின் பாலடூல் என்ற இடத்தில் கிறிஸ்தவக் கல்லறைகளைக் குலைத்து, அவற்றின் மேலேயே சுமார் 11 மீட்டர் படகோடு ஒருவரைப் புதைத்தார்கள். மரம் மட்கிப்போய் இரும்பு ஆணிகள்தான் கிடைத்தன.

ஆனால் பத்தாம் நூற்றாண்டுக் கற்களுக்கு வாருங்கள். எழுத்து, மொழி, பெயர் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கிர்க் மைக்கேல் என்ற ஊரில் ஒரு கல்: எழுத்து வைகிங்குகளின் ரூன், மொழி அவர்களுடைய நார்ஸ். நட்டவன் கொல்லன் அதாகனின் மகன் மெல்பிரிக்தி; இரண்டுமே கேலிக், அதாவது அங்கிருந்த கெல்ட்டியரின் மொழிப் பெயர்கள். செதுக்கிய கௌத், இதையும் மேனிலுள்ள எல்லாவற்றையும் செய்தது தானே என்று பொறித்துவைத்திருக்கிறான். என்ன தெனாவட்டு!

பெயரைப் பார்த்ததும் இனத்தைத் தீர்மானிப்பவர்கள் சறுக்குவது பிராடன் என்ற இன்னோர் ஊரில். அங்கே நார்ஸ் பெயர் கொண்ட தோர்லெய்ஃப் தன் மகன் ஃபியாக்குக்குக் கல் நடுகிறான். மகன் பெயர் கேலிக். தாய் வைத்த பெயராக இருக்கலாம்.

தாய் என்றதும் மல்முரா. கிர்க் மைக்கேலின் இன்னொரு கல், மல்லிம்குன் தன்னை வளர்த்தவளுக்கு நட்டது. அவள் டுஃப்கலின் மகள், அது கேலிக் பெயர். கணவன் அதிஸ்ல், நார்ஸ் பெயர். கெட்ட மகனைவிட நல்ல வளர்ப்பு மகனை விட்டுச்செல்வது மேல் என்று அதில் இருக்கிறது. பிறர் பிள்ளையைத் தம் வீட்டில் வளர்க்கும் வழக்கம் அயர்லாந்திலும் உண்டு, நார்ஸ் மக்களிடமும் உண்டு. இரு கூட்டமும் ஒட்டிய இடம் அதுதான் என்பேன். அந்தக் கல்லின் நார்ஸில் வேற்றுமை உருபுகள் தடுமாறுகின்றன, அதே கல்லில் கேலிக் மக்களின் பழைய எழுத்தான ஓகாமும் இருக்கிறது. வீட்டில் கேலிக் பேசியவர் எழுதியது என்பது என் துணிபு. தீவில் நடந்த 1079 ஸ்கைஹில் போரையும், நார்வே தீவைக் கைவிட்ட 1266 பெர்த் ஒப்பந்தத்தையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இவளை உங்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். உங்கள் தப்பில்லை தம்பி.

நிலைத்த மொழி கேலிக் வழிவந்த மான்க்ஸ். நார்ஸ் ஸ்னேஃபெல், லாக்ஸி போன்ற இடப்பெயர்களில் தங்கிவிட்டது.

எழுத்து தெரியாததற்குக் காரணம், நீங்கள் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்தது. பல கற்களில் ரூன் பக்கவாட்டு விளிம்பில், கீழிருந்து மேலாக ஓடும். விளிம்புப் படத்தைத் தேடி எடுத்துவிட்டு எழுதுங்கள்.