ஆடியோ இன்டர்ஃபேஸில் கெயின், மிக்ஸ், மானிட்டர் குமிழ்கள் எதற்கு?

மைக்கைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக் தரும் மெல்லிய மின்சைகையைப் பெருக்கி, கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருகிறது. அதற்கு ஏன் இத்தனை குமிழ்கள் என்று குழம்ப வேண்டாம். ஒன்றைச் சரியாக வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அது கெயின், அதாவது மைக் சைகையை எவ்வளவு பெருக்குவது என்பதைத் தீர்மானிக்கும் குமிழ். ஒலி எண்களாக மாறுவதற்கு முன்பே இது வேலை செய்கிறது. அந்த எண்களுக்கு உச்சவரம்பு உண்டு: 0 டெசிபல். தாண்டினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். சிங்கப்பூர்த் தேக்காவில் தே தாரிக் எனும் தேநீரை இழுத்து ஊற்றுவதைப் பாருங்கள். கோப்பையை மீறி வழிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் உச்சத்தில் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். 24 பிட்டில் (ஒலியின் அளவை நுணுக்கமாகக் குறிக்கும் அமைப்பில்) பதிவு செய்தால், குறைவாக இருந்தாலும் பிறகு தாராளமாக உயர்த்தலாம். வீவக அடுக்குமாடி வீட்டில் மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தத்தையும் கெயின் சேர்த்தே உயர்த்தும். மைக்கை வாயருகே கொண்டுவந்து கெயினைக் குறைப்பதே என் விருப்பம்.

மிக்ஸ் குமிழ், கணினிக்குள் போகாமல் வரும் உங்கள் நேரடிக் குரலையும் கணினியில் ஓடும் இசையையும் ஹெட்ஃபோனில் கலக்கிறது. குரல் கணினிக்குள் போய்த் திரும்ப நேரம் பிடிக்கும். கணினி ஒலியைச் சிறு தொகுப்புகளாகச் சேர்த்து வாங்குகிறது; அதுதான் பஃபர். வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 512 சாம்பிள் என்றால், உள்ளே போகவே சுமார் 11 மில்லிவினாடி. திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்தால் தாளம் நழுவக்கூடும். நேரடிக் குரலைக் கேட்கும்போது மென்பொருளின் மானிட்டரிங்கை (உங்கள் குரலைக் கணினி வழியாகத் திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

அப்புறம், ஹெட்ஃபோன், மானிட்டர் (ஸ்பீக்கர்) குமிழ்களை ஏற்றினால் பதிவும் சத்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை நீங்கள் கேட்கும் அளவை மட்டுமே மாற்றும், பதிவைத் தொடாது.